‘முன்கூட்டிய’ குழந்தையும் ‘எதிர்பாராத’ சிக்கலும்

கேள்வி: ஒரு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்காகச் சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். ஆங்கில மூலத்தில் ‘பிரிமெச்சூர்’ (premature, உரிய காலத்துக்கு முந்திய) என்ற சொல் குழந்தை, பனிக்குடம், மாதவிடாய், இதயத்துடிப்பு, மரணம் என்று ஐந்து இடங்களில் வருகிறது. கையேடு முழுக்க ஒரே சொல்லாக இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் ‘முன்கூட்டிய’ என்று போட்டேன். படித்துப் பார்த்த செவிலியர், “என்னங்க இது, ரயில் டிக்கெட் எடுத்த மாதிரி இருக்கு” என்று சிரித்துவிட்டார். ‘அகால’ என்று மாற்றலாமா? ‘எதிர்பாராத’, ‘திடீர்’, ‘தற்செயலான’ ஆகியவற்றிலும் எதை எங்கே போடுவது என்று குழப்பமாக இருக்கிறது.
— மொழிபெயர்ப்பாளர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: செவிலியர் சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறார். ‘முன்கூட்டியே’ என்றால் அதற்குப் பின்னால் யோசித்துச் செய்த ஓர் ஆள் இருக்கிறார். முன்கூட்டியே சொன்னேன், முன்கூட்டியே பணம் கட்டினார், முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள். ‘முன்கூட்டிய பிரசவம்’ என்றால், யாரோ நாள் குறித்து வைத்துச் செய்ததுபோல ஒலிக்கிறது. வலி வந்து ஓடிவந்தவளிடம் அப்படிச் சொன்னால் அவளும் சிரிப்பாள், அல்லது கோபப்படுவாள்.

வித்தியாசம் தெரிய இரண்டு மே 24-களைப் பாருங்கள். மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே, 19 நாள் முந்தி, திறந்துவிட்டார்கள். இது முடிவெடுத்துச் செய்த காரியம். ‘முன்கூட்டியே திறக்கப்பட்டது’ என்று எழுதினால் அட்சரம் பிசகவில்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. 2025-இல் அது மே 24-ஆம் தேதியே, எட்டு நாள் முன்னதாகத் தொடங்கிவிட்டது. இதற்கு யாரும் முடிவெடுக்கவில்லை. ‘பருவமழை முந்திவிட்டது’ என்பதுதான் இயல்பு. நாளிதழ்கள் ‘மழை முன்கூட்டியே தொடங்கியது’ என்று எழுதுவது பழகிப்போய்விட்டது, அதை யாரும் அடித்துத் திருத்தப் போவதில்லை. ஆனால் வினையோடு ஒட்டி வரும் ‘முன்கூட்டியே’ தாங்குகிற அளவுக்கு, பெயருக்கு முன்னால் வரும் ‘முன்கூட்டிய’ தாங்காது. ‘முன்கூட்டிய குழந்தை’ கேட்கும்போதே முறிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் ‘காலத்துக்கு முன்’ என்ற கருத்து ஒரே சொல்லில் அடங்கிவிடும். தமிழில் அப்படி ஒரு பொதுச்சொல் கிடையாது. குறையென்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எது நிறையவில்லை, எதை முந்தியது என்று தமிழ் முதலில் கேட்கும், பிறகுதான் சொல் தரும். மாதம் நிறையவில்லை என்றால் குறைமாதம். வயது வருமுன் முடி வெளுத்தால் இளநரை. காய் முற்றாமல் மரத்திலேயே சூட்டில் பழுத்துவிட்டால் வெம்பல். மேலே மஞ்சள் தட்டியிருக்கும், அறுத்தால் உள்ளே சதை பிடிக்காமல் புளிக்கும். அதே மாங்காயை ஆள் வைத்துப் பழுக்க வைத்தால் அது வெம்பல் இல்லை, ‘கல்லு வச்ச பழம்’. வைப்புத்தொகையைத் தவணை முடியுமுன் எடுத்தால் வங்கிப் படிவத்தில் ‘முதிர்வுக்கு முன்’. ஆயுள் கைதியைத் தண்டனைக் காலம் முடியுமுன் விடுவித்தால் ‘முன்விடுதலை’. 1972-இல் வர வேண்டிய மக்களவைத் தேர்தல் 1971 மார்ச்சிலேயே நடந்தது, அது ‘இடைக்காலத் தேர்தல்’. (ஓர் உறுப்பினர் இடம் காலியானதால் நடக்கும் ‘இடைத்தேர்தல்’ வேறு. இரண்டையும் குழப்பாத செய்தியறை அபூர்வம்.) இத்தனைக்கும் நடுவே ‘முன்கூட்டிய’ எங்கும் வரவில்லை பாருங்கள்.

ஆகவே உங்கள் ஐந்து இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எதற்கு முன்? விடை ஐந்து இடத்தில் ஐந்து விதமாக வரும். மொழிபெயர்ப்பில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதப் பிறப்பு. ‘குறைமாதக் குழந்தை’, ‘குறைப்பிரசவம்’ என்ற சொற்களை ஊரே அறியும், அவற்றையே வையுங்கள். ‘குறை’ என்ற பகுதியைத் தனியே பிரித்து ‘குறைக் குழந்தை’ என்று சுருக்க வேண்டாம். மாதத்தின் குறை பிள்ளையின் குறையாகிவிடும், தாய் அதை மன்னிக்க மாட்டாள். எடைக் குறைவையும் இதோடு சேர்க்காதீர்கள். 2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையும் 2,300 கிராம் இருக்கலாம். மூலத்தில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் தமிழிலும் இரண்டாகவே இருக்கட்டும்.

இங்கே கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. கையேட்டில் ‘ஒன்பது மாதத்துக்கு முன்’ என்று எழுதிவிட்டால் பொருள் கெட்டுவிடும். தமிழ்ப் பேச்சில் கர்ப்பம் பத்து மாதம். 280 நாளை 28 நாள் மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து வரும். நாட்காட்டி மாதத்தால் எண்ணினால் ஒன்பதும் சில நாளும். ‘ஒன்பது மாசம்’ என்று ஒருத்தி சொன்னால் ஒன்பது முடிந்ததா, நடக்கிறதா என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். நாட்காட்டிப்படி ஒன்பதாம் மாதம் ஏறக்குறைய 244-ஆம் நாளில் தொடங்கி 274-ஆம் நாளில் முடியும். 37 வாரம் என்பது 259 நாள். எல்லைக்கோடு ஒன்பதாம் மாதத்தின் நட்டநடுவில் விழுகிறது! எனவே ‘ஒன்பதாம் மாதம் நடக்கும்போது பிறந்த குழந்தை’ குறைமாதமாகவும் இருக்கலாம், நிறைமாதமாகவும் இருக்கலாம். வாரக் கணக்கையே எழுதுங்கள். ‘கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து 37 வாரம், அதாவது 259 நாள் நிறைவதற்கு முன்’ என்று முதல் தடவை முழுதாக எழுதிவிட்டால், அதன்பின் ‘குறைமாதம்’ என்ற சொல்லே போதும்.

அதே பக்கத்தில் ‘கரெக்டட் ஏஜ்’ வந்திருந்தால் ‘திருத்தப்பட்ட வயது’ என்று போட்டுவிடாதீர்கள். சான்றிதழில் வயதைத் திருத்தியதுபோல ஆகிவிடும். ‘பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயது’ என்று விரித்து எழுதுங்கள். 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு இப்போது 12 வாரம் என்றால், அந்தக் கணக்கில் 4 வாரம். தலை நிற்பது, முகம் பார்த்துச் சிரிப்பது போன்ற வளர்ச்சியை இந்த வயதை வைத்துப் பார்ப்பார்கள். தடுப்பூசிக்குப் பிறந்த நாளிலிருந்தே எண்ணுவார்கள். இந்த இருவகை வயதுக்கும் இரண்டு பெயர் தெளிவாக இல்லாவிட்டால், தாய் தடுப்பூசி நாளை எட்டு வாரம் தள்ளிவிடுவாள்.

அடுத்தது பனிக்குடம். மருத்துவம் தெரிந்தவர்களும் மொழிபெயர்ப்பில் வழுக்கும் இடம் இது. ‘பிரிமெச்சூர் ரப்சர்’ என்பதில் வரும் ‘பிரிமெச்சூர்’ வாரக் கணக்கைப் பற்றியதே அல்ல. பிரசவ வலி தொடங்குமுன் உடைந்தது என்பதுதான் அதன் பொருள். 39 வாரத்தில் வலியில்லாமல் நீர் உடைந்தாலும் அதே பெயர்தான். 37 வாரத்துக்கும் முன்னால் உடைந்தால் அதைக் காட்ட ‘பிரீடெர்ம்’ என்று இன்னொரு அடைமொழி சேர்ப்பார்கள். ‘குறைமாதத்தில் பனிக்குடம் உடைதல்’ என்று நீங்கள் எழுதினால், நிறைமாதக் கர்ப்பிணி இது தனக்கில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். ‘வலி வருமுன்பே பனிக்குடம் உடைதல்’ என்று எழுதுங்கள். அடைப்புக்குறியோ கலைச்சொல்லோ தேவையில்லை. நச்சுக்கொடி பற்றிய பத்தியிலும் இதே சொல் வரும். அங்கே ‘குழந்தை வெளியே வருமுன் நச்சுக்கொடி பிரிந்துவிடுதல்’. பழைய புத்தகங்கள் அதனால் வரும் இரத்தப்போக்கை ‘ஆக்சிடென்டல்’ என்று குறிக்கும். விபத்து என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம், அடிபடாமலும் அது வரும்.

மாதவிடாய்க்கு வயதே எல்லை. 40 வயதுக்கு முன் நின்றால் மருத்துவர்கள் ‘பிரிமெச்சூர்’ என்பார்கள், 40-க்கும் 45-க்கும் இடையில் நின்றால் ‘ஏர்லி’ என்பார்கள். தமிழில் இரண்டுக்கும் ‘முன்கூட்டிய’ என்று போட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். சொல்லைத் தேடாமல் வயதைச் சொல்லுங்கள்: ‘40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோதல்’. சிறுமிகள் பருவமடைவது பற்றிய பகுதி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்னும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்னும் பருவ மாற்றம் தொடங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இங்கே ‘பூப்பு’ என்று எழுதினால் தமிழ்த் தாய் முதல் மாதவிடாயை மட்டும் நினைப்பாள். மருத்துவர் சொல்வதோ மார்பு வளர்ச்சி போன்ற முதல் அறிகுறிகளை. ஒரு சொல்லால் அவள் ஓரிரு ஆண்டு காத்திருந்துவிடக் கூடும். ‘பிஞ்சிலே பழுத்தது’ இந்தப் பக்கத்தில் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அது ஏச்சு, நோயின் பெயர் அல்ல.

இதயத்துடிப்புக்குத் தமிழ் ஏற்கெனவே வழி காட்டிவிட்டது. ‘விந்து முந்துதல்’ என்ற தொடர் சுவரொட்டிகளாலேயே தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஒன்று. கேலியை விட்டுவிட்டுப் பார்த்தால் மிகத் திருத்தமான ஆக்கம் அது. வர வேண்டியதுதான், வரிசையில் முந்திவிட்டது. அதே அச்சில் ‘முந்துதுடிப்பு’ என்று எழுதலாம். அடுத்த துடிப்பு வர வேண்டிய நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு வருகிறது, பிறகு ஒரு சிறு இடைவெளி விழுகிறது. நோயாளி அந்த இடைவெளியைத்தான் ‘நெஞ்சு ஒரு தடவை நின்னு அடிக்குது’ என்று சொல்வார். அந்தப் பேச்சுத் தொடரையும் கையேட்டில் சேர்த்துவிட்டால், படிப்பவர் தன்னுடையதை அடையாளம் கண்டுகொள்வார்.

இப்போது மரணத்துக்கும் உங்கள் ‘அகால’ யோசனைக்கும் வருவோம். அகாலம் என்றால் உரிய காலமல்லாத காலம். முன்னால்தான் என்று அதில் இல்லை. ‘அகாலத்தில் கதவைத் தட்டினான்’ என்றால் நடு இராத்திரி என்று பொருள். குழந்தைக்கும் பனிக்குடத்துக்கும் அது பொருந்தாது. ‘அகால மரணம்’ மட்டும் நிலைபெற்ற தொடர். ஆனால் அது துக்கத்தின் மொழி. இளம் வயதில், எதிர்பாராமல், பெரும்பாலும் விபத்திலோ நோயிலோ போனவருக்குச் சொல்வது. உங்கள் மூலத்தில் வருவது புள்ளிவிவர மொழியாக இருக்கலாம். தொற்றா நோய்களால் வரும் ‘பிரிமெச்சூர்’ இறப்பை 30 முதல் 70 வயதுக்குள் என்று கணக்கிடுகிறார்கள். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 3.4, அதை 2030-க்குள் மூன்றில் ஒரு பங்கு குறைக்கச் சொல்கிறது. பேரன் பேத்தி எடுத்து 68 வயதில் இறந்தவரை நம் ஊரில் யாரும் அகால மரணம் என்று அழ மாட்டார்கள், ஆனால் அந்தக் கணக்கில் அவரும் உண்டு. ‘70 வயதுக்கு முன் நேரும் இறப்பு’ என்று எழுதுங்கள். மாறாக, 90 வயதுக்காரர் உறக்கத்திலேயே போய்விட்டால் அது திடீர் மறைவு, அகால மரணம் அல்ல. இரங்கல் செய்தி எழுதுபவர்கள் இதில் அடிக்கடி சறுக்குகிறார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மகப்பேறு கையேட்டில் இது கட்டாயம் வரும், தவறினால் காயப்படுத்தும். கரு தானாகக் கலைவது கருச்சிதைவு. கலைப்பது கருக்கலைப்பு. ‘கலைதல்’ தன்வினை, ‘கலைத்தல்’ பிறவினை. இடையில் ஒரு ‘த்’. ‘மூன்றாம் மாதம் கருக்கலைப்பு நேர்ந்தவர்கள்’ என்று அச்சான வரியைப் பிள்ளையை இழந்த பெண் படித்தால், நீதான் செய்தாய் என்று அவளிடம் சொன்னதாகிவிடும். ‘கரு கலைந்தவர்கள்’ என்று மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

உங்கள் இரண்டாவது கேள்வி: எதிர்பாராத, திடீர், தற்செயல். இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. திடீர் என்பது வேகத்தைச் சொல்கிறது. எதிர்பாராதது என்பது மனத்தில் இருந்த கணக்கைச் சொல்கிறது. தற்செயல், தன் செயல், தானாக நடந்தது. யாரும் நினைத்துச் செய்யவில்லை என்பதைச் சொல்கிறது. குறித்த நாளில் இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்தால் அது திடீர் வலி, ஆனால் எதிர்பார்த்ததுதான். மூன்று வாரமாக மெல்ல மெல்ல ஏறிய இரத்தச் சர்க்கரை எதிர்பாராததாக இருக்கலாம், திடீர் அல்ல. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டி தெரிந்தால் ‘தற்செயலாகத் தெரியவந்தது’. அங்கே ‘திடீரென்று’ என்று போட்டால் கட்டி நேற்று முளைத்ததாகப் பயப்படுவார்கள். அரசு அலுவலகத்தின் ‘தற்செயல் விடுப்பு’ இந்தச் சொல்லைக் கொஞ்சம் தேய்த்துவிட்டது உண்மைதான். பொங்கலுக்கு ஊருக்குப் போக ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுக்கும் விடுப்புக்கும் அதே பெயர். ஆனாலும் உங்கள் கையேட்டில் அதன் பழைய பொருள் நன்றாகவே வேலை செய்யும்.

‘எதிர்பாராத’ என்பதைப் பார்த்தால் ஒரு கணம் நில்லுங்கள். பெரும்பாலும் அது எதையும் சொல்லாத சொல். ‘எதிர்பாராத விதமாக லாரி மோதியது’ என்று தினமும் படிக்கிறோம். எதிர்பார்த்து மோதிய லாரி உண்டா? அந்தத் தொடர் ஓட்டுநரின் தவறை மெல்லத் துடைத்துவிடுவது மட்டும்தான் மிச்சம். அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவத்தில் இது இன்னும் மோசமாக நிற்கிறது: ‘இச்சிகிச்சையில் கீழ்க்கண்ட எதிர்பாராத சிக்கல்கள் ஏற்படலாம்’ என்று தொடங்கி, கீழே ஆறேழு சிக்கல்களை வரிசையாக எழுதியிருப்பார்கள். எழுதி வைத்தபிறகு அது எப்படி எதிர்பாராததாகும்? ‘நேரக்கூடிய சிக்கல்கள்’ என்பதே சரி, கையெழுத்துப் போடுபவருக்கும் உண்மை தெரியும். ‘எதிர்பாராத’ என்ற சொல்லை, யாருமே பட்டியல் போட முடியாத இடத்துக்கு மட்டும் விட்டு வையுங்கள்.

திடீருக்குப் பேச்சில் இருக்கும் உறவுக்காரர்களைக் கையேட்டில் சேர்க்க வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நோயாளி சொல்லும்போது குறிப்பெடுக்க உதவும். ‘திடுதிப்புன்னு வந்து நின்னான்’ என்பதில் முன்னறிவிப்பு இல்லை. ‘பொசுக்குன்னு போயிட்டார்’ என்பதில் இழப்பும் ஆற்றாமையும் இருக்கிறது. ‘சட்டுன்னு எழுந்தா தல சுத்துது’ என்பதில் இருப்பது வேகம் மட்டுமே. கடைசி வாக்கியம் மருத்துவருக்கு முக்கியம். ‘திடீர்த் தலைசுற்றல்’ என்று அதை மொழிபெயர்த்தால், எழும்போதுதான் சுற்றுகிறது என்ற தகவல் காணாமல் போய்விடும்.

எச்சரிக்கை வரிகளில் ‘திடீரென்று’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘திடீரென்று மருத்துவமனைக்கு முகவீக்கம், கண்மங்கல் ஏற்பட்டால் வர வேண்டும்’ என்ற மாதிரி வாக்கியங்கள் அச்சில் இருக்கின்றன. திடீரென்று வர வேண்டியது யார், வீக்கமா, கர்ப்பிணியா? ‘முகமோ கையோ திடீரென்று வீங்கினால், கண் மங்கினால், தலைவலி விடாமல் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்’. திடீர் வீக்கத்துக்கு, உடனே வருகைக்கு. அவரவர் இடத்தில் நிற்கட்டும்.

வேலையை ஒழுங்கு செய்ய ஒரு தாள் போதும். நான்கு நெடுவரிசை வரக் கோடு போடுங்கள்: மூலத் தொடர், எதற்கு முன், தமிழ், போடக் கூடாதது. ‘எதற்கு முன்’ என்ற கட்டத்தை நிரப்ப முடியாத வரியை மருத்துவரிடம் கேளுங்கள், அகராதியிடம் கேட்காதீர்கள். அகராதி அங்கே மறுபடியும் ‘முதிர்வுறாத’ என்று ஒன்றைத் தரும், அது மாம்பழத்துக்கும் பொருந்தாது, மனிதருக்கும் பொருந்தாது. தமிழ் வரைவு முடிந்ததும் மூலத்தை மூடிவிட்டு, அந்தச் செவிலியரிடமே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் கோடு போடுங்கள், சிரிக்கும் இடத்தில் இரண்டு கோடு.

‘முன்கூட்டியே’ என்பதை ஒட்டுமொத்தமாகத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். 34 வாரம் ஆனதும் மருத்துவக் கோப்பு, இரண்டு மாற்றுப் புடவை, குழந்தைக்குத் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள், 108-ஐ யார் அழைப்பது என்றும் முன்கூட்டியே பேசி வையுங்கள் என்று ஒரு பத்தி உங்கள் கையேட்டில் இருக்குமே, அது அங்கே அப்படியே இருக்கட்டும்.